மழை நின்ற நான்காம் நாள் ஒழுகிய மாடி: ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

தாம்பரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருக்கிறது அந்த வீடு. 1990-களின் நடுவில் கட்டிய, தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட சாதாரண வீடு. கீழே வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மேலே ஓய்வுபெற்ற வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். ஒரு நவம்பரில் விடாமல் பெய்த மழை ஓய்ந்து, வெயில் அடித்து, கொடியில் போட்ட துணியெல்லாம் காய்ந்துவிட்ட நான்காம் நாள் காலையில், படுக்கையறை ஃபேனின் மேல் கப்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

மழையே இல்லாதபோது மாடி எப்படி ஒழுகும்? இது குழாய்த் தண்ணீர்தான் என்று அவர்கள் முடிவு செய்ததில் நியாயம் இருக்கிறது. பிளம்பர் வந்தார். மொட்டை மாடியில் ஓடும் குழாயில் இரண்டு எல்போக்களை மாற்றினார். சொட்டும் நின்றது. எல்லாரும் நிம்மதியானார்கள். அடுத்த பெருமழை பெய்து ஓய்ந்த சில நாளில் அதே இடத்தில் மறுபடி சொட்டியது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கட்டடங்களில் ஓதமும் கசிவும் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்பது என் தொழில்.

இந்த வீட்டை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இங்கே நடந்தது அபூர்வமான கோளாறு ஒன்றும் இல்லை. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகளின் மேல்தளம் இதே மாதிரிதான் அமைந்திருக்கிறது. சொட்டு விழுவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பிருந்தே அந்த வீடு அடையாளம் காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு சமாதானம் கிடைத்ததால் யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

தளத்தின் அமைப்பு

கீழே ஐந்து அங்குல ஆர்.சி.சி. கான்கிரீட். அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி, சராசரியாக மூன்று அங்குலம். அதற்கும் மேலே தட்டோடு. தட்டோட்டின் இடுக்குகளில் சிமெண்ட் பாயிண்டிங். மழைத் தண்ணீரை வழிய விடுவதற்கும் வெயிலைத் தாங்குவதற்கும் நம்மூரில் தலைமுறைகளாகப் போட்டுவரும் தளம் இது. நன்றாகப் போட்டால் நன்றாக உழைக்கும்.

ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. நடுவில் இருக்கும் ஜல்லி அடுக்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். 100 சதுர அடியில் மூன்று அங்குல ஜல்லி என்றால் 25 கன அடி. அதில் பத்தில் ஒரு பங்கு இடத்தில் தண்ணீர் நின்றாலே 70 லிட்டர். தட்டோட்டு இடுக்கு வழியாகவோ ஓட்டை வழியாகவோ இறங்கிய தண்ணீர், உடனே கீழே வராமல் ஜல்லிக்குள் பரவி, கான்கிரீட்டில் விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே போய், பிறகு மெல்ல இறங்கும். மழை பெய்யும்போது உள்ளே ஒன்றுமே தெரியாது. எல்லாம் காய்ந்த பிறகு சொட்டும். மேலே தண்ணீர் நுழைந்த இடத்துக்கும் கீழே கறை தெரியும் இடத்துக்கும் பல அடி தூரம் இருக்கும்.

இந்த இரண்டு தள்ளல்களும், அதாவது நாள் கணக்கில் தள்ளிப்போவதும் அடிக்கணக்கில் தள்ளிப்போவதும், புரியாத வரை கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. ஆளுக்கு ஆள் வந்து கண்ணில் பட்டதைப் பூசிவிட்டுப் போவார்கள்.

முன்பே வந்த அடையாளங்கள்

வீட்டுக்காரரோடும் வீட்டுக்கார அம்மாவோடும் உட்கார்ந்து, முதலில் என்ன தெரிந்தது, எப்போது தெரிந்தது என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனேன். இந்தப் பேச்சுக்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

முதலில் வந்தது வாசனை. படுக்கையறை லாஃப்டில் வைத்திருந்த பழைய ஜமக்காளமும் கம்பளியும் புழுங்கிய வாடை அடித்தன. பூச்சி உருண்டை போட்டார்கள். வெயிலில் உலர்த்தினார்கள். வாடை திரும்பத் திரும்ப வந்தது. லாஃப்ட் கூரைக்கு மிக அருகில் இருப்பதாலும் காற்றோட்டம் இல்லாததாலும் ஈரம் முதலில் அங்கேதான் தங்கும். கண்ணுக்குக் கறை தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடும். கம்பளியைக் காயவைத்த பிறகும் வாடை வந்தால் துணியை விட்டுவிட்டு மேலே கூரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். அந்த வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, பலரும் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள். 30 மில்லிஆம்பியர் அளவுக்கு மின்சாரம் தரைக்குக் கசிந்தாலே விழுந்து, மின் இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி அது. சில நாட்களில் காரணமே இல்லாமல் அது விழும். தூக்கிவிட்டால் நிற்காது. மறுநாள் தானாகச் சரியாகிவிடும். எலக்ட்ரீஷியன் வந்து கருவியே கெட்டுவிட்டது என்று புதிதாக மாற்றினார். புதியதும் விழுந்தது.

இந்த ஆய்வின் திறவுகோல் இங்கேதான் கிடைத்தது. எப்போதெல்லாம் விழுந்தது என்று கேட்டதற்கு அம்மா உள்ளே போய்ப் பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். "எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுத்ததை எழுதி வைப்பேன் சார். தேதி அதில் இருக்கும்" என்றார். அந்தத் தேதிகளை மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் மழைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். மழை கொட்டிய நாளில் ஒரு தடவைகூட கருவி விழவில்லை. பெரிய மழைக்கு இரண்டு முதல் நான்கு நாள் கழித்துத்தான் ஒவ்வொரு தடவையும் விழுந்திருந்தது. தளத்துக்குள் புதைத்த மின்குழாய் வழியாக ஈரம் ஃபேன் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது, காய்ந்ததும் சரியாகியிருக்கிறது. இரண்டு வருடமாக ஃபேன் கப்பின் மறைவில் இது நடந்துகொண்டிருந்தது.

மேல்மாடியில் இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது. மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் எலக்ட்ரீஷியன் மட்டும் போதாது, கூரையையும் பார்க்க வேண்டும். ஃபேனிலிருந்தோ விளக்கிலிருந்தோ தண்ணீர் சொட்டினால், வாளி தேடுவதற்கு முன் மெயினை அணையுங்கள். அந்த விசிறியின் சுவிட்சைத் தொட வேண்டாம். கருவி அடிக்கடி விழுகிறதே என்று அதைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்லும் வீடுகளும் உண்டு. அது உயிரோடு விளையாடுவது.

மூன்றாவதாக, ஃபேன் கப்பைச் சுற்றி ஒரு மெல்லிய பழுப்பு வளையம். டீ சிந்திக் காய்ந்தது போன்ற நிறம், ஓரம் மட்டும் அழுத்தமாக. தண்ணீர் வரும்போது கூடவே அழுக்கையும் உப்பையும் கொண்டுவரும்; காயும்போது அவற்றை ஓரத்தில் விட்டுப்போகும். வளையத்துக்குள் வளையம் தெரிந்தால் பல தடவை நனைந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது பெயிண்டர் அதன்மேல் பட்டி பார்த்துப் பூசிவிட்டார். கறை போய்விட்டது. கூடவே அதுவரை கிடைத்த சாட்சியும் போய்விட்டது.

சில மாதத்தில் அதே இடத்தில் பெயிண்ட் கொப்பளித்தது. பழைய சுண்ணாம்பு அடித்த கூரையாக இருந்தால் ஈரம் வெளியே வந்து உலர்ந்திருக்கும். பிளாஸ்டிக் எமல்ஷன் ஒரு தோல் மாதிரி மூடிக்கொள்வதால் ஈரம் அதன் பின்னால் சேர்ந்து தள்ளுகிறது. கொப்பளத்தை ஊசியால் குத்தினால் ஈரமாக இருந்ததாம். "ஏசி போடுவதால் கூரை வியர்க்கிறது" என்று யாரோ சொல்ல, அதையும் நம்பியிருக்கிறார்கள்.

இவை தவிர, கிழக்கு மூலையில் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கையால் துடைத்தால் மாவு போல வந்தது. இதையும் படுக்கையறைக் கசிவையும் ஒன்றாகவே எல்லாரும் பேசினார்கள். இரண்டும் வேறு என்று பிறகு தெரிந்தது.

உள்ளே பார்த்தது

வியர்வையா கசிவா என்பதைத் தீர்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. சப்பாத்தி சுற்றி வைக்கும் அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரமாக வெட்டி, சந்தேகப்படும் இடத்தில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நீர்த்துளி இருந்தால் அறைக் காற்றின் ஈரம். கூரையோடு ஒட்டியிருந்த பக்கம் நனைந்திருந்தால் தளத்துக்குள்ளிருந்து வருகிறது. இங்கே உள்பக்கம் நன்றாக நனைந்திருந்தது. வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. ஏசி மேல் இருந்த பழி நீங்கியது.

பிறகு மரக்கட்டையால் கூரையை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனோம். பூச்சு கான்கிரீட்டோடு பிடித்திருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாக வரும். விட்டுப்போன இடத்தில் பொள்ளென்று கேட்கும். ஃபேனைச் சுற்றி ஒரு கஜ அகலத்துக்குப் பொள்ளல். அதில் ஓரிடத்தில் மெல்லிய நேர்கோட்டு விரிசல், ஓரத்தில் துருவின் செம்பழுப்பு. நேர்கோட்டு விரிசல் என்றால் பெரும்பாலும் அதன்மேல் கம்பி ஓடுகிறது. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகும். அந்தத் தள்ளலில் கான்கிரீட் வெடிக்கும். கூரையிலிருந்து பூச்சுத் துண்டு விழுந்து தலையில் அடிபடுவதெல்லாம் இந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டதன் விளைவுதான். கட்டிலை அன்றைக்கே அந்த இடத்திலிருந்து நகர்த்தச் சொன்னேன்.

கடைசியாக, ஒவ்வொரு ஈரத் திட்டின் ஓரத்தையும் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் தேதி எழுதினோம். அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். பெயிண்ட் அடித்து மறைப்பதற்கு நேர் எதிரான வேலை இது. கூரை கொஞ்ச நாள் அசிங்கமாகத் தெரியும். தெரியட்டும். திட்டு எப்போது வளர்கிறது, எப்போது அப்படியே நிற்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

மாடியில் பார்த்தது

மொட்டை மாடியைக் கூட்டிப் பெருக்கினோம். பெருக்காமல் எந்த மாடியையும் ஆராய முடியாது. தண்ணீர் தேங்கிக் காய்ந்த இடங்களில் தூசி ஓரமாக ஒதுங்கி வட்டமான கோடு விட்டிருந்தது. தென்மேற்கு மூலையில் பெரிய வட்டம். மழைநீர்க் குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறது. ஆனால் வாய் தட்டோட்டைவிட அரை அங்குலம் மேலே தூக்கியிருந்தது. சல்லடையில் வேப்பிலை அடைத்திருந்தது. பாசி படிந்து கறுத்த பாயிண்டிங், சில இடங்களில் நகம் உள்ளே போகும் அளவுக்கு விட்டிருந்தது.

கைப்பிடிச் சுவரின் அடியில் தளத்தோடு சேரும் கோட்டில் நீளமாக மயிரிழை விரிசல். இது வெயிலின் வேலை. 30 அடி நீளக் கான்கிரீட் தளம், வெப்பம் 30 டிகிரி ஏறி இறங்கினால் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை நீண்டு சுருங்கும். அதன்மேல் செங்கல்லில் கட்டிய சுவர் அதே அளவு அசையாது. வருடம் முழுக்க இந்த இழுபறி நடந்தால் சேரும் இடம் பிளக்கத்தான் செய்யும். இங்கே ஆலங்கன்றோ அரசங்கன்றோ முளைத்திருந்தால் விரிசல் ஆழமாகிவிட்டது, உள்ளே ஈரம் தங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கன்றை மேலாகப் பிடுங்கினால் வேர் உள்ளே இருந்து தடிக்கும். நல்லவேளையாக இந்த வீட்டில் செடி இல்லை.

மாடி முழுக்க வெள்ளை நிறக் குளிர்ப் பூச்சு அடித்திருந்தார்கள். போன கோடையில் ஓர் ஒப்பந்தக்காரர் வந்து, இதை அடித்தால் சூடும் குறையும் கசிவும் நிற்கும் என்று சொல்லி அடித்துக் கொடுத்திருக்கிறார். சூடு குறைந்தது உண்மை. கசிவு கூடியிருக்கிறது. ஓட்டையை அடைக்காமல், ஈரமான ஜல்லியின் மேல் பூச்சு போட்டால் உள்ளே போகும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும். வெயிலில் மேல்வழியாக உலர்ந்துகொண்டிருந்தது மட்டும் நின்றுபோகும். எல்லாம் கீழ்வழியாகவே வர வேண்டியதுதான். பூச்சு பல இடங்களில் காசளவு காசளவாக உப்பியிருந்தது. உரித்துப் பார்த்தால் அடியில் ஈரம்.

ஃபேனுக்கு நேர் மேலே மாடியில் ஒன்றுமே இல்லை. தட்டோடு அங்கே நன்றாக இருந்தது. அதிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, வெள்ளைப் பூச்சுக்கு அடியில் நான்கு சின்னப் பள்ளங்கள் சதுரமாகத் தெரிந்தன. சுரண்டிப் பார்த்தால் நான்கும் போல்ட் ஓட்டைகள். "அது டிஷ் ஆண்டெனா வைத்திருந்த இடம்" என்றார் வீட்டுக்காரர். இணைய டி.வி. வந்ததும் டிஷ்ஷைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஓட்டைகளை யாரும் அடைக்கவில்லை. டிஷ்ஷைக் கழற்றிய வருடமும் ஜமக்காளம் நாற ஆரம்பித்த வருடமும் ஒன்று.

இன்றைக்கு இது பரவலான கோளாறு. டிஷ், சோலார் வாட்டர் ஹீட்டர், ஏசி வெளி யூனிட், துணிக்கொடிக் கம்பம் என்று எல்லாவற்றுக்கும் மாடியில் துளை போடுகிறோம். வைப்பவருக்கு ஸ்டாண்டு ஆடாமல் நின்றால் போதும். நல்ல வழி, சிமெண்ட் கட்டையோ கான்கிரீட் பலகையோ தளத்தின் மேல் வைத்து, ஸ்டாண்டை அதில் பொருத்துவது. தட்டோட்டில் துளையே வேண்டாம்.

சந்தேகத்தை உறுதிப்படுத்தியது

ஓட்டையைப் பார்த்தவுடன் அதுதான் காரணம் என்று எழுதிவிடக் கூடாது. தேங்கும் மூலையும் இருக்கிறது, கைப்பிடிச் சுவர் விரிசலும் இருக்கிறது. எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் உடைத்தால் செலவு வீட்டுக்காரருக்கு.

மழைக்காலம் முடியாததால் முதலில் தார்ப்பாய் சோதனை. டிஷ் இருந்த பக்கத்தை மட்டும் பெரிய தார்ப்பாயால் மூடி, ஓரங்களைச் செங்கல் வைத்து அழுத்தி, தண்ணீர் அதன்மேல் வழிந்து ஓடும்படி விட்டோம். டிசம்பர் மழைக்கு ஃபேன் சொட்டவில்லை. ஆர்.சி.சி.பி.யும் விழவில்லை. இது பாதி உறுதி.

பிப்ரவரியில் தளம் உலர்ந்த பிறகு தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். முழு மாடியிலும் ஒரே தடவையில் நிறுத்தினால் எந்த இடம் என்று தெரியாது. சிமெண்ட் கலவையில் சின்ன வரப்புக் கட்டி மூன்று பாத்தியாகப் பிரித்தோம்: மழைநீர்க் குழாய் மூலை, கைப்பிடிச் சுவர் ஓரம், டிஷ் இருந்த இடம். ஒன்று முடிந்து கூரை எப்படி இருக்கிறது என்று சில நாள் பார்த்த பிறகுதான் அடுத்தது. 24 மணி நேரம் நிறுத்துவது வழக்கம்; ஜல்லித் தளமாக இருந்தால் தண்ணீரை வடித்த பிறகும் உள்ளே தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். பளுவையும் கணக்கில் கொள்ள வேண்டும். 100 சதுர அடியில் ஓர் அங்குலம் நிறுத்தினாலே சுமார் 235 லிட்டர், அதாவது 235 கிலோ. நல்ல ஆர்.சி.சி. தளத்துக்கு இரண்டு அங்குலம் வரை பயமில்லை. கான்கிரீட் வெடித்துக் கம்பி தொங்கும் கூரையிலும், மர உத்தரம் போட்ட பழைய மெட்ராஸ் டெரசிலும் பொறியாளரிடம் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது.

குழாய் மூலையில் ஒன்றும் இல்லை. கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் இல்லை. மூன்றாவது பாத்தியில் நிறுத்திய மறுநாள் மாலை ஃபேன் பெட்டிக்குள் ஈரம் வந்தது. அதற்கடுத்த நாள் பென்சில் கோட்டைத் தாண்டிப் பழுப்பு வளையம் விரிந்தது. விசிறியை முன்பே கழற்றி, அந்த அறையின் மின் இணைப்பைத் துண்டித்து வைத்திருந்தோம்.

கிழக்கு மூலை உப்பு மட்டும் எதற்கும் அசையவில்லை. ஆனால் மார்ச்சில், ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்தில், அதன் பென்சில் கோடு தாண்டப்பட்டிருந்தது. மழை இல்லாமல் வளரும் கறைக்கு மழை காரணமாக இருக்க முடியாது. மேலே போய்ப் பார்த்தால் மாடிப்படி அறையின் மேல் தண்ணீர்த் தொட்டி. அதன் ஓவர்ஃப்ளோ குழாய் அந்த அறைச் சுவரின் அடியில் முடிகிறது. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தால், தொட்டி நிரம்பி வழிந்து அந்த மூலையே ஊறும். போர்வெல் தண்ணீரின் உப்பும் சுவரின் உப்பும் சேர்ந்து உள்ளே பூத்தன. ஓவர்ஃப்ளோ குழாயை மழைநீர்க் குழாய் வரை நீட்டியதும், மோட்டாருக்குத் தானாக நிற்கும் கருவி வைத்ததும்தான் அதற்கான வைத்தியம். பிளம்பர் அரை நாளில் முடித்தார். முதலில் அவரைக் கூப்பிட்டது தப்பில்லை, கூப்பிட்ட மூலைதான் வேறு.

திறந்தபோது தெரிந்தது, செய்த வேலை

டிஷ் இருந்த இடத்திலிருந்து ஃபேன் வரைக்கும் தட்டோட்டைப் பெயர்த்தோம். கோடை தொடங்கிவிட்டது, அப்படியும் அடியில் ஜல்லி, கையில் அள்ளினால் உருண்டையாகப் பிடிக்கும் அளவுக்கு ஈரம். "மேலே பார்த்தால் தளம் கல்லு மாதிரி இருக்கு சார், அடியில சேறு" என்றார் மேஸ்திரி. போல்ட் ஓட்டைகளில் ஒன்று ஜல்லியைக் கடந்து கான்கிரீட்டுக்குள்ளும் இறங்கியிருந்தது, மின்குழாய்க்குப் பக்கத்திலேயே. தண்ணீர் மின்குழாயின் ஓரமாகவே ஓடி ஃபேன் பெட்டிக்குப் போயிருக்கிறது.

கீழே பூச்சைத் தட்டி இறக்கியபோது கம்பியின் அடியில் அரை அங்குலம்தான் கான்கிரீட் மூடியிருந்தது. இப்போதுள்ள இந்தியத் தரநிலை ஐ.எஸ்.456, சாதாரணச் சூழலுக்கே 20 மில்லிமீட்டர் கேட்கிறது. மூடல் குறைவான இடத்தில் சின்னக் கசிவும் சீக்கிரம் கம்பியை எட்டிவிடும். வெர்னியர் வைத்து அளந்ததில் கம்பி பெரிதாக மெலியவில்லை. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூடினோம். இன்னும் இரண்டு மூன்று மழைக்காலம் போயிருந்தால் கம்பி மாற்றும் வேலையாகியிருக்கும்.

மேலே ஈர ஜல்லியை அள்ளிவிட்டு, கான்கிரீட்டை வெயிலில் நன்றாகக் காயவிட்டோம். விரிசலை வெட்டி அகலப்படுத்தி அடைத்து, அதன்மேல் சிமெண்டும் அக்ரிலிக்கும் கலந்த நீர்காப்புப் பூச்சு இரண்டு தடவை அடித்தோம். கைப்பிடிச் சுவர் சேரும் இடத்தில் கண்ணாடி இழை வலை வைத்து, ஓர் அடி உயரத்துக்கு ஏற்றினோம். அந்த மூலை இன்றைக்குக் கசியாவிட்டாலும், நாளை கசியப்போகிற இடம் அதுதான். பிறகு புதிய ஜல்லி, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வரும்படி. குழாய் வாயை இறக்கி வைத்தோம். மற்ற பகுதியில் பாயிண்டிங்கை மட்டும் சுரண்டிப் புதுப்பித்தோம். முழு மாடியையும் மறுபடி கோட்டிங் அடிக்க இன்னொருவர் கேட்டிருந்த தொகையில் ஏறக்குறைய பாதிதான் ஆனது.

மற்ற கூரைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஓட்டு வீட்டில் பகலில் விளக்கை அணைத்துவிட்டு மேலே பார்த்தால், ஓடு நகர்ந்த இடத்தில் வெளிச்சப் பொட்டுத் தெரியும். மெட்ராஸ் டெரசில் உத்தரத்தின் நுனி, சுவருக்குள் போகும் இடம், அங்கே மரத்தைக் குத்திப் பாருங்கள். ஈரமும் கரையானும் முதலில் அங்கேதான் வரும். தகரக் கூரையில் போல்ட்டின் வாஷர்.

காலத்தைப் பொறுத்தவரை, சென்னைக்கு வருடத்தில் கிடைக்கும் சுமார் 140 செ.மீ. மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் மாலை நேரத்தில் வரும் இடிமழை ஒரு நல்ல வாய்ப்பு. பெய்து முடிந்ததும் குடை பிடித்துக்கொண்டாவது மாடிக்குப் போய், எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். உள்ளே அன்றைக்கும் பாருங்கள், நான்காம் நாளும் பாருங்கள். வேலை செய்ய அப்போது இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கும். அக்டோபரில் கண்டுபிடித்தால் தார்ப்பாய் தவிர வேறு வழியில்லை. ஈரத்தில் ஊறிய தளத்தின் மேல் பெரும்பாலான பூச்சுகள் சரியாக ஒட்டாது.

அடுத்த வடகிழக்குப் பருவமழை முழுவதும் அந்த அறைக் கூரையைப் பெயிண்ட் அடிக்காமலே விட்டுவைத்தோம். பென்சில் கோடுகளை ஈரம் தாண்டவில்லை. ஆர்.சி.சி.பி. ஒரு தடவைகூட விழவில்லை. பொங்கலுக்கு முன் கூரைக்கு வெள்ளையடித்தார்கள். மேற்கு ஜன்னல் சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் மட்டும் புதிதாக ஒரு மயிரிழை தெரிகிறது. உள்ளே இன்னும் ஈரம் வரவில்லை. இரண்டு முனையிலும் தேதி போட்டு வைத்திருக்கிறோம். ஏப்ரலில் வெட்டிப் பார்த்து அடைக்க மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று.